பைக்குள் வந்த விடைத்தாள்

ஆஸ்பத்திரியில் அவளை எல்லோரும் எக்ஸ்ரே அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். அடித்தளத்தில் இருக்கிற அந்தக் குளிர்ந்த அறையில் பதினாறு வருஷமாக, "மூச்சை இழுத்துப் பிடிங்க... ம், விடலாம்" என்று சொல்லிச் சொல்லியே பழகிப்போனவள். வீட்டில் கணவன் கத்தினால்கூட வாயில் அதே வார்த்தைதான் வரும். தொழிலில் அவளை மிஞ்ச ஆள் கிடையாது. விலா எலும்பில் மயிரிழை அளவுக்கு விரிசல் இருந்தாலும் டாக்டர் பார்ப்பதற்கு முன்னால் அவள் கண் போய் அதில் நிற்கும்.

ஆனால் கையில் இருந்தது டிப்ளமோ. பட்டம் இல்லாதவர்களைப் பிரிவுப் பொறுப்பாளர் ஆக்குவதில்லை என்று நிர்வாகம் ஒரு சுற்றறிக்கை விட்டது. அவளுக்கு ஆறு வருஷம் பின்னால் வந்து சேர்ந்தவன் பொறுப்பாளர் நாற்காலியில் உட்கார்ந்தான். அவன் நல்ல பையன்தான், மரியாதை தெரிந்தவன். அதுதான் இன்னும் கஷ்டமாக இருந்தது. ஒவ்வொரு தடவையும் எழுந்து நின்று, "அக்கா, நான் கையெழுத்துப் போடலாமா?" என்று கேட்பான்.

அந்த வருஷமே அவள் வேலை பார்க்கிறவர்களுக்கான காலை வகுப்பில் சேர்ந்துவிட்டாள். கதிரியல் பட்டப்படிப்பு. உடற்கூறு அவளுக்குத் தண்ணீர் பட்ட பாடு. இயற்பியலையும் தட்டுத்தடுமாறித் தாண்டிவிடலாம் என்று தெரிந்தது. குறுக்கே நின்றது ஒரே ஒரு பாடம், கால்குலஸ் என்கிற ஒரு மாறி நுண்கணிதம். அதைத் தாண்டாமல் இரண்டாம் வருஷத்துக்குள் கால் வைக்க முடியாது. பள்ளிக்கூடத்தோடு கணக்கைத் தலைமுழுகிவிட்டு, முப்பத்தொன்பது வயதில் மறுபடி அதன் முகத்தில் விழிக்க வேண்டியதாகிவிட்டது.

வகுப்பு காலை ஏழு மணிக்கு. மாடியில் நீளமான அறை, பெஞ்சுக்கும் மேசைக்கும் நடுவில் பத்தொன்பது வயது முழங்கால்களுக்கு மட்டும் அளவெடுத்து விட்ட இடைவெளி. வாத்தியார் அவளைவிட ஐந்து வயது சின்னவர். எதை ஆரம்பித்தாலும் லிமிட்டில்தான், ஓர் எண்ணைத் தொடாமல் நெருங்கிக்கொண்டே போவதில்தான், ஆரம்பிப்பார், அதனால் அவருக்கு லிமிட் சார் என்று பெயர் வந்துவிட்டது. ஒருநாள் அவர் பத்து நிமிஷம் தாமதமாக வந்தபோது பின்பெஞ்சிலிருந்து யாரோ, "சார் வகுப்பை நெருங்கிக்கிட்டே இருக்காரு, ஆனா வந்து சேரமாட்டாரு" என்று சொன்னான். எல்லோரும் சிரித்தார்கள். அவள் மட்டும் சிரிக்கவில்லை, ஏனென்றால் அவளுக்கு அந்த ஜோக் புரியவில்லை. அது அன்றைக்கு முழுவதும் அவளை அரித்தது.

பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெண் செல்போன் பழுது பார்க்கும் கடையில் வேலை பார்ப்பவள். சார் கேள்வியைப் பாதி எழுதும்போதே விடை சொல்லிவிடுவாள். மின்னல் என்று அவளுக்குப் பட்டப்பெயர். எக்ஸ்ரே அக்காவோ முதல் வரியை நோட்டில் எழுதி முடிப்பதற்குள் கரும்பலகை துடைக்கப்பட்டிருக்கும்.

முதல் தேர்வில் ஐம்பதுக்கு ஒன்பது வந்தது.

அந்தத் தாளை அவள் ஒரு பழைய எக்ஸ்ரே உறைக்குள் போட்டு அலமாரியின் மேல்தட்டில் ஒளித்து வைத்தாள். அதை எடுத்துவிட்டது நாத்தனார்.

நாத்தனார் அவள் கணவனுக்கு அக்கா. சட்டப் புத்தகங்கள் அச்சடிக்கிற அச்சகத்தில் இருபத்தைந்து வருஷமாகப் பிழை திருத்துகிறவர். கல்யாணம் வேண்டாமென்று இருந்துவிட்டவர். அந்த வீட்டின் முன்னறையும் ஜன்னலோர மேசையும் அவருடையவை. தம்பியின் கல்யாணப் பத்திரிகையைக் கையில் வாங்கியதும், வாழ்த்துவதற்கு முன்னால் அதில் மூன்று எழுத்துப்பிழை என்று சபையில் சொன்னவர். பத்திரிகையை எழுதிக் கொடுத்தது கல்யாணப் பெண்ணின் அப்பா. அன்றைக்கு விழுந்த கீறல் பதினான்கு வருஷமாக ஆறவில்லை. இரண்டு பேரும் சண்டை போட்டதில்லை. ஆனால் ஒரே வீட்டில் இருந்துகொண்டு, "சாப்பிட்டாச்சா?" என்பதற்கு மேல் பேச்சு வளர்ந்ததும் இல்லை.

அன்றைக்கு அவள் வேலை முடிந்து வந்தபோது ஒன்பது மார்க் தாள் ஜன்னலோர மேசையில் விரித்து வைக்கப்பட்டிருந்தது. அதன்மேல் ஓர் அடிஸ்கேல் கிடந்தது. அவளுக்கு உடம்பெல்லாம் கூசியது. இனி இந்தப் பேச்சு எந்தெந்த உறவுக்காரர் வீட்டுக்கெல்லாம் போகும் என்று மனசு கணக்குப் போட ஆரம்பித்துவிட்டது.

நாத்தனார் தலையைத் தூக்காமலே சொன்னார்:

"இதுல என்ன எழுதியிருக்குன்னு எனக்குச் சத்தியமா தெரியாது. ஆனா இந்த வரியில ஒரு சின்னக் கோடு இருக்கு பாரு. அடுத்த வரியில அதக் காணோம். அது எங்க போச்சு?"

அவள் குனிந்து பார்த்தாள். மைனஸ் குறி.

"இங்கயும் ஒண்ணு போயிருக்கு. இங்க ரெண்டுன்னு எழுதியிருக்க, கீழ வரும்போது மூணாயிடுச்சு. இந்த அடைப்பைத் திறந்திருக்க, மூடவே இல்ல." அடிஸ்கேல் ஒவ்வொரு வரியாக இறங்கிக்கொண்டே வந்தது. "ஒரு பக்கத்துல ஏழு. எங்க ஆபீசுல இப்படி ஒரு பக்கம் வந்தா அச்சுக் கோர்த்தவனுக்கு அன்னைக்கே சீட்டைக் கிழிச்சிருப்பாங்க."

அவள் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். அந்த மேசைக்கு எதிரில் அவள் உட்கார்ந்தது அதுவே முதல் தடவை. இரண்டு பேருமாகப் பார்த்தார்கள். வகைக்கெழு எடுத்ததெல்லாம் சரியாகத்தான் இருந்தது. சங்கிலி விதிகூடச் சரி. கவிழ்த்துவிட்டதெல்லாம் கழித்தல் குறியும், பின்னமும், கைதவறி இடம் மாறிய எண்களும்தான். எட்டாம் வகுப்பிலேயே கற்றுக்கொண்டிருக்க வேண்டியவை.

"அப்ப நீ தப்பா போட்டது கொஞ்சம்தான். தப்பா எழுதினதுதான் நெறைய" என்று நாத்தனார் தீர்ப்புச் சொல்லிவிட்டுத் தாளைத் திருப்பிக் கொடுத்தார். அவளுக்கு என்னவோ யாரோ தோளிலிருந்து ஒரு மூட்டையை இறக்கி வைத்தமாதிரி இருந்தது. தனக்கு மூளை இல்லை என்று மூன்று வாரமாக நம்பிக்கொண்டிருந்தவள் அவள்.

அதற்குப் பிறகு அது வழக்கமாகிவிட்டது. சாயங்காலம் இரண்டு பேரும் வேலையிலிருந்து திரும்பியதும் டீ. டீயோடு ஐந்து கணக்கு. அவள் போட்டு நீட்டினால் நாத்தனார் அடிஸ்கேலை வைத்து வரிவரியாக இறங்குவார். எக்ஸ், ஒய் எல்லாம் அவருக்கு வெறும் உருவங்கள். மேல்வரியில் இருந்தது கீழ்வரியில் காரணம் சொல்லாமல் மாறக் கூடாது, அவ்வளவுதான் அவர் சட்டம். மாறியிருந்தால் ஓரத்தில் அச்சகத்து வழக்கப்படி ஒரு குறி போடுவார். அவள் காரணம் சொல்ல வேண்டும். சொல்ல முடியவில்லை என்றால் பிழை. இப்படிக் காரணம் சொல்லிச் சொல்லியே பாதிப் பாடம் அவளுக்கு ஏறிவிட்டது.

கணவன் லிஃப்ட் மெக்கானிக். அக்காவும் மனைவியும் ஒரே மேசையில் உட்கார்ந்திருப்பதைப் பார்த்து, முதல் வாரம் முழுக்கச் சத்தம் போடாமல் நடந்தான், கலைந்துவிடுமோ என்று பயந்தவன்போல. பிறகு அவனும் நாற்காலியைப் போட்டுக்கொண்டான். ஒரு நாள் அவள் இரண்டாம் வகைக்கெழு என்றால் என்னவென்று புரியாமல் புத்தகத்தை மூடிவிட்டாள். அவன் என்ன ஏது என்று விசாரித்தான். வேகம் மாறுகிற வேகம் என்று புத்தகத்தில் போட்டிருக்கிறது, மண்டையில் ஏறவில்லை என்றாள்.

"இதுவா? லிஃப்டு எவ்வளவு வேகமா போனாலும் உள்ள நிக்கிறவங்களுக்குத் தெரியாது. கெளம்பும்போதும் நிக்கும்போதும்தான் வயித்துல ஒரு மாதிரி பண்ணும். அந்த வயித்துக்குத் தெரியுது பாரு, அதான் நீ சொல்றது. நாங்க ஸ்குரூ திருகுறதே அதக் கொறைக்கத்தான்."

மறுநாள் அவள் ஆஸ்பத்திரி லிஃப்டில் கண்ணை மூடிக்கொண்டு நான்கு தடவை மேலும் கீழும் போய்வந்தாள். ஸ்ட்ரெச்சர் தள்ளுகிறவர் உடம்பு சரியில்லையா என்று கேட்டுவிட்டுப் போனார்.

இரண்டாம் தேர்வில் முப்பத்தொன்று. மின்னல் அந்தத் தாளை வாங்கிப் பார்த்துவிட்டு அவள் கையைப் பிடித்துக் குலுக்கினாள்.

இறுதித் தேர்வு ஒரு ஞாயிற்றுக்கிழமை, காலை ஒன்பதிலிருந்து பன்னிரண்டு வரை. பத்துக் கேள்வி, நூறு மார்க், ஐம்பது எடுத்தால் தேர்ச்சி. எக்ஸ்ரே அக்கா ஏழு கேள்விகளை ஒழுங்காகப் போட்டாள். ஒவ்வொரு வரிக்குக் கீழேயும் மனசுக்குள் ஓர் அடிஸ்கேலை வைத்துக்கொண்டு இறங்கினாள். எட்டாவது கேள்வி வேறு ஏதோ பாஷையில் இருந்தது, அதை விட்டுவிட்டாள். ஒன்பதையும் பத்தையும் எழுத இடம் போதாமல் கூடுதல் தாள் ஒன்று கேட்டு வாங்கினாள். அதன் முதல் பக்கத்தில் ஒன்பதையும் பின்பக்கத்தில் பத்தையும் எழுதி முடித்தபோது மணி அடித்துவிட்டது. முகப்பில் 'கூடுதல் தாள்: 1' என்று எழுதி, கட்டிக் கொடுத்துவிட்டு வெளியே வந்தாள்.

பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைத்தது. மின்னல் ஐந்தாவது கேள்விக்கு என்ன விடை வந்தது என்று கேட்டாள். எக்ஸ்ரே அக்கா தன் பையிலிருந்து நான்காக மடித்த வினாத்தாளை எடுத்துப் பிரித்தாள். உள்ளேயிருந்து வழுக்கி மடியில் விழுந்தது, தன் கையெழுத்திலேயே ஒரு தாள். ஒன்பதாவது கேள்வி, பத்தாவது கேள்வி.

அவசரத்தில் கூடுதல் தாளைக் கட்டாமல் வினாத்தாளோடு சேர்த்து மடித்திருக்கிறாள். இருபது மார்க் போனது ஒருபுறம். விடைத்தாளை அறையை விட்டு வெளியே எடுத்துப்போவது பெரிய குற்றம், இரண்டு வருஷம் தேர்வு எழுதவே தடை என்று அறை வாசலில் கொட்டை எழுத்தில் ஒட்டியிருந்தது மறுபுறம்.

மின்னல் குரலைத் தாழ்த்தி, கிழித்துப் போட்டுவிடலாம், அவர்களே தொலைத்துவிட்டார்கள் என்று இருக்கட்டும், யாருக்குத் தெரியப்போகிறது என்றாள். அவள் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. பயத்தில் சொன்னாள்.

எக்ஸ்ரே அக்கா தாளையே பார்த்துக்கொண்டிருந்தாள். வேலைக்குச் சேர்ந்த முதல் வருஷம் ஒரு தடவை இரண்டு நோயாளிகளின் படத்தை உறை மாற்றிப் போட்டுவிட்டாள். தெரிந்ததும் மானம் மரியாதை பார்க்காமல் மூன்று மாடி ஓடிப்போய்த் திருப்பி வாங்கினாள். அன்றைக்கு வாங்கிய திட்டு மறந்துபோய்விட்டது. ஓடியது மட்டும் உடம்பில் அப்படியே இருந்தது. தப்பு என்று தெரிந்த நிமிஷமே கால் கிளம்பிவிடும்.

"நான் எறங்குறேன், நீ போ" என்றாள்.

"நல்லா இருக்கே" என்று சொல்லிவிட்டு மின்னலும் கூடவே இறங்கினாள்.

எதிர்ப்பக்கம் பஸ் வருகிற வழியாக இல்லை. இரண்டு பேரும் பாதி நடையும் பாதி ஓட்டமுமாகக் கல்லூரிக்கு வந்து சேர்ந்தபோது மணி ஒன்றாகப் பத்து நிமிஷம். தேர்வு அலுவலகக் கதவு திறந்தே இருந்தது. மின்னலை வாசலில் நிறுத்திவிட்டு அவள் மட்டும் உள்ளே போனாள்.

உள்ளே யாரும் சாதாரணமாக இல்லை. தேர்வுப் பொறுப்பாளரம்மா நாற்காலியில் நேராக உட்கார்ந்து ஒரு படிவத்தை நிரப்பிக்கொண்டிருந்தார். லிமிட் சார் விடைத்தாள் கட்டை மறுபடி மறுபடி எண்ணிக்கொண்டிருந்தார். தேர்வறையில் மேற்பார்வை பார்த்த இளைஞர், வேலைக்கு வந்து ஒரு மாதம்கூட ஆகாதவர், பேண்ட் முழங்காலெல்லாம் தூசியாக, கண் சிவந்து சுவரோரம் நின்றார். பெஞ்சுகளுக்கு அடியில் தவழ்ந்து தேடிவிட்டு வந்திருக்கிறார். கொடுத்த கூடுதல் தாள் நாற்பத்தொன்று, வந்தது நாற்பது. ஒரு மணிக்குக் கட்டுக்கு அரக்கு வைத்தாக வேண்டும். வைத்துவிட்டால் அறிக்கை மேலே போகும். எழுதியவளுக்குத் தடை, மேற்பார்வை பார்த்தவருக்கு வேலை நிச்சயமில்லை.

அவள் தாளை மேசையில் வைத்தாள்.

"வினாத்தாளோட சேத்து மடிச்சிட்டேங்க. பஸ்ஸுலதான் பாத்தேன். வேணும்னு செய்யல."

சுவரோரம் நின்றவர் அப்படியே பெஞ்சில் உட்கார்ந்து முகத்தை இரண்டு கையாலும் மூடிக்கொண்டார். லிமிட் சார் எண்ணுவதை நிறுத்தினார். பொறுப்பாளரம்மா தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார், பிறகு கடிகாரத்தைப் பார்த்தார், பிறகு அவளைப் பார்த்தார்.

"இன்னும் பத்து நிமிஷம் கழிச்சு வந்திருந்தா நான் ஒண்ணும் செஞ்சிருக்க முடியாதும்மா" என்றார். "இப்பக்கூட இதக் கட்டோட சேக்க முடியாது. வாசலத் தாண்டினது தாண்டினதுதான். இந்தத் தாளுக்கு மார்க் கெடையாது. ஆனா அரக்கு வைக்கல, அதனால அறிக்கையும் கெடையாது."

நடந்ததை ஒரு காகிதத்தில் எழுதி வாங்கிக்கொண்டார். கூடுதல் தாளின் குறுக்கே சிவப்பு மையில் கோடு போட்டு, முகப்பில் இருந்த 1-ஐ அடித்து 0 என்று எழுதி, அவரும் அவளுமாகக் கையெழுத்துப் போட்டார்கள். நிரப்பிக்கொண்டிருந்த படிவத்தை அவர் நான்காகக் கிழித்துக் கூடையில் போட்டார். கிழிகிற அந்தச் சத்தத்தில்தான் அவளுக்கு மூச்சே வந்தது. இருபது மார்க்கை அங்கேயே விட்டுவிட்டு வெளியே வந்தவள், அழுவோம் என்று எதிர்பார்த்தாள். அழுகை வரவில்லை. பயங்கரமாகப் பசித்தது. மின்னலும் அவளும் எதிர்க்கடையில் ஆளுக்கு மூன்று பன் தின்றார்கள்.

வீட்டில் சொன்னபோது கணவன் தலையில் கை வைத்துக்கொண்டான். நாத்தனார் வெள்ளைத்தாளும் பென்சிலும் எடுத்துவந்து வைத்தார். மீதி ஏழு கேள்விக்கு என்ன எழுதினாளோ அதை வரி பிசகாமல் நினைவிலிருந்து எழுதச் சொன்னார். அவள் எழுதினாள். அடிஸ்கேல் இறங்கியது. ஏழு கேள்வியில் இரண்டு இடத்தில் நின்றது. ஓர் இடத்தில் அவளால் காரணம் சொல்ல முடிந்தது. மற்றதில் முடியவில்லை.

"ஒரு கோடு போயிருக்கு. எழுதினப்பவே போச்சா, இப்ப ஞாபகத்துல போச்சான்னு தெரியாது" என்றார் நாத்தனார். "எப்படிப் பாத்தாலும் நீ ஐம்பதைத் தாண்டணும். தாண்டலேன்னா திருத்தினவங்க கண்ணுலதான் கோளாறு."

பதினான்கு வருஷத்தில் அவர் வாயிலிருந்து வந்த முதல் பாராட்டு அது. ஆனாலும் அடுத்த மூன்று வாரம் அவளுக்குச் சோறு தொண்டையில் இறங்கவில்லை. அந்த இருபது மார்க் இருந்திருந்தால் கவலையே இல்லையே என்று பல் தேய்க்கும்போது, பஸ்ஸுக்கு நிற்கும்போது, யாருடைய முழங்காலையோ திருப்பி வைக்கும்போது நினைத்து நினைத்து மாய்ந்துபோனாள். ஆஸ்பத்திரியில் பிரிவுப் பொறுப்பாளராக இருந்த அந்தப் பையன் இரண்டு தடவை லீவு எடுத்துக்கொள்ளச் சொன்னான்.

முடிவு வந்த காலை துறை வாசலில் பட்டியலை ஒட்டியிருந்தார்கள். கூட்டத்தில் இவள் எட்டிப் பார்ப்பதற்குள் மின்னல் பார்த்துவிட்டுத் திரும்பி, இரண்டு கைவிரலையும் விரித்து ஐந்து ஐந்து என்று காட்டினாள். அவளுக்குப் புரியவில்லை. பத்தா என்று ஒரு நொடி உயிரே போய்விட்டது.

"ஐம்பத்தஞ்சுக்கா. பாஸு."

அவள் சுவரைப் பிடித்துக்கொண்டாள். நெஞ்சுக்குள் மூன்று வாரமாக இறுக்கிப் பிடித்திருந்த ஏதோ ஒன்று மெதுவாகப் பிடியை விட்டது. சத்தம் போடத் தோன்றவில்லை. உட்கார வேண்டும்போல இருந்தது.

அங்கேயே லிமிட் சார் அவளைத் தன் அறைக்குக் கூப்பிட்டார். தேர்வறையில் மேற்பார்வை பார்த்த இளைஞரும் அங்கே இருந்தார். அவளைப் பார்த்ததும் எழுந்து தன் நாற்காலியை அவளுக்குக் கொடுத்தார். சார் கோப்பிலிருந்து சிவப்புக் கோடு போட்ட அந்தத் தாளை எடுத்து மேசையில் வைத்தார்.

"நீங்க இதுக்காக ரொம்ப வருத்தப்பட்டிருப்பீங்கன்னு தெரியும். அதனால சும்மா திருத்திப் பாத்தேன். மார்க் சேராது, ஆனா உங்களுக்குத் தெரியணும்ல." சார் சிரிப்பை அடக்கிக்கொள்வது தெரிந்தது. "ஒன்பதாவதுல கேட்டது எக்ஸ் மும்மடி. நீங்க எக்ஸ் வர்க்கம்னு எழுதி எடுத்துட்டு, மேற்கொண்டு எல்லாத்தையும் அழகா செஞ்சிருக்கீங்க. பரிதாபப்பட்டு நாலு குடுக்கலாம். பத்தாவதுல பெட்டியோட கொள்ளளவு குடுத்து, அதுக்குக் கொறைஞ்சது எவ்வளவு தகடு வேணும்னு கேட்டேன். நீங்க தகடு குடுத்து, அதுல அதிகபட்சக் கொள்ளளவு எவ்வளவுன்னு கண்டுபிடிச்சிருக்கீங்க. புத்தகத்துல இருக்கிற கணக்கு. நான் கேக்காத கணக்கு."

"அப்போ மொத்தம்?"

"நாலு."

மூன்று வாரம் சோறு தண்ணி இல்லாமல் துக்கம் காத்தது நான்கு மார்க்குக்கு. அவளுக்கு முதலில் ஒரு சின்ன விக்கல் மாதிரி வந்தது, பிறகு அது சிரிப்பாகிவிட்டது. அடக்க அடக்கப் பொத்துக்கொண்டு வந்தது. கண்ணில் தண்ணீர் வழிய வழியச் சிரித்தாள். லிமிட் சாரும் சிரித்தார். இளைஞர் கொஞ்சம் யோசித்துவிட்டு அவரும் சேர்ந்துகொண்டார். வாசலில் நின்ற மின்னல் என்னவோ ஏதோ என்று கதவைத் தள்ளிக்கொண்டு வந்தாள்.

அன்றைக்கு அவள் ஆஸ்பத்திரிக்கு லீவு சொல்லிவிட்டாள். வீட்டுக்கு வந்து, அரை நாள் லீவு போட்டுக் காத்திருந்த நாத்தனாரிடம் மதிப்பெண் சீட்டைக் கொடுத்தாள். நாத்தனார் அதை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து, பெயர், எண், தேதி எல்லாவற்றையும் இரண்டு தடவை படித்தார்.

"பிழை இல்ல" என்றார். பிறகு குரல் கொஞ்சம் மாறி, "போய்ப் படு. மூஞ்சியப் பாக்கச் சகிக்கல. சமையல நான் பாத்துக்கிறேன்" என்றார்.

"சரிங்க அண்ணி" என்று அவள் போய்ப் படுத்தாள். பகலில் படுத்து எத்தனையோ மாதம் ஆகியிருந்தது. ஜன்னல் துணியில் வெயில் மஞ்சளாக நின்றது. எண்ணோ குறியோ எதுவும் மனசுக்குள் ஓடவில்லை. சமையலறையில் பாத்திரம் மெதுவாக வைக்கப்படுகிற சத்தம் கேட்டது. கண் தானாகச் சொருகியது.

கொஞ்ச நேரத்தில் கணவன் வேலையிடத்திலிருந்து ஃபோன் செய்தான். நாத்தனார் இரண்டாவது மணிக்குள் ஓடிவந்து எடுத்து, கதவைச் சாத்திக்கொண்டு, வாயைப் பொத்தியபடி சொன்னார்:

"கத்தாதடா. பாஸாயிட்டா. தூங்குறா."

அவள் சாயங்காலம் ஆறு மணி வரைக்கும் தூங்கினாள்.